சுவரில் டி (T) எழுத்து மாதிரி உட்காரும் ஒல்லிப் பூச்சி எது? பக்கத்தில் அவரைக் கொடி இருக்கிறது. போட்டோவை வைத்து இனம் சொல்ல முடியுமா?

குடும்பத்தைச் சொல்லிவிடலாம். இது இறகு அந்துப்பூச்சி, டெரோஃபோரிடே குடும்பம். இனத்தைச் சொல்ல உங்கள் படம் போதாது.

உட்கார்ந்திருக்கும்போது குச்சி மாதிரித் தெரிவதற்குக் காரணம், பின்சிறகுகளை முன்சிறகுக்கு அடியில் சுருட்டி வைத்துக்கொள்வதுதான். விரித்தால் முன்சிறகு இரண்டாகவும் பின்சிறகு மூன்றாகவும் பிளந்திருக்கும். (அக்டிஸ்டிஸ் போன்ற சில பேரினங்களுக்குப் பிளவே கிடையாது. குழப்புவதற்கென்றே சில!) ஒவ்வொரு சிறகும் ஆறு இறகாகப் பிரிந்து விசிறிபோல விரிந்திருந்தால் அது வேறு குடும்பம், அலூசிடிடே. 1758-ல், உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் இரண்டு குடும்பங்களையும் ஒரே பிரிவில்தான் போட்டார், இப்போது தனித்தனி.

இனத்துக்கு வருவோம். பழுப்பு நிறமும் புள்ளிகளும் பல இனங்களுக்குப் பொது. பறந்து பறந்து செதில் உதிர்ந்தால் அதுவும் மங்கிவிடும். பின்சிறகின் மூன்றாவது இறகின் ஓரத்தில் கறுப்புச் செதில் கொத்து இருக்கிறதா, இருந்தால் நடுவிலா நுனியிலா என்று பார்ப்பார்கள். அதிலும் தீராவிட்டால் வயிற்று நுனியைக் காரக் கரைசலில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் வழி. சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளராக இருந்த பிளெட்சர், 1909-லேயே இலங்கையின் இறகு அந்துப்பூச்சிகளை வகைப்படுத்தி எழுதியவர். அப்படியும் இன்றுவரை பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

என்னைக் கேட்டால், சிறகைவிடச் செடிதான் நல்ல சாட்சி. துவரைக் காயில் இருந்தால் முதலில் எக்ஸெலாஸ்டிஸ் அட்டோமோசாவைச் சந்தேகிப்பேன். அதன் புழு காயின் மேல்தோலைச் சுரண்டி, துளை போட்டு, உடம்பை வெளியே வைத்துக்கொண்டே பருப்பைத் தின்னும். காய்க்குள் முழுசாக நுழையாது. பச்சையும் பழுப்புமாக, மேலெல்லாம் குட்டை முடியும் முள்ளுமாக இருக்கும். கூட்டுப்புழுவும் கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் காயிலேயே ஒட்டிக் கிடப்பதால், செத்த புழு என்று நினைத்துத் தட்டிவிடுபவர்கள் உண்டு. அவரைப் பந்தலில் என்றால் ஸ்ஃபெனார்க்கஸ் பேரினம். அதில் அனிசோடாக்டைலஸ், காஃபர் என்ற இரண்டு இனங்களையும் நிபுணர்களே நெடுநாள் மாற்றி மாற்றிக் குறித்திருக்கிறார்கள்.

பக்கத்தில் அவரைக் கொடி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பூவையும் பிஞ்சையும் புரட்டிப் பாருங்கள். புழு கிடைத்தால் காயோடு பறித்து, பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி வையுங்கள். வெளிவந்த பூச்சியைச் சிறகு விரிந்த நிலையில், மேலும் கீழுமாகப் படம் எடுத்துப் போடுங்கள். பேரினம் வரையாவது உறுதியாகச் சொல்லலாம்.