தேதி தவறும் மாதவிடாய்: கேள்விகளும் பதில்களும்

பெண்கள் நல மருத்துவராக நான் அதிகம் எதிர்கொள்ளும் புகார் இது. வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருத்தரிக்கக் கொஞ்சமாவது வாய்ப்பு இருந்து தேதி தள்ளிப்போனால், வேறு எதையும் யோசிக்கும் முன் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு மாதம் 26 நாளில் வருகிறது, அடுத்த மாதம் 32 நாள் ஆகிறது. சரியாக 28 நாளுக்கு ஒருமுறை வர என்ன செய்ய வேண்டும் டாக்டர்?

ஒன்றும் செய்ய வேண்டாம். உங்களுக்குச் சரியாகத்தான் வருகிறது. பெரியவர்களுக்கு 24 முதல் 38 நாள் வரை இயல்பு. மாதத்துக்கு மாதம் ஐந்தாறு நாள் முன்பின் ஆவதும் இயல்பு. ரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து, அடுத்தது தொடங்கும் நாள் வரை எண்ண வேண்டும். பலர் ரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணிவிட்டு, சீக்கிரம் வருகிறதே என்று பயப்படுகிறார்கள்.

கேள்வி: மகளுக்கு 13 வயது. வயதுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சில சமயம் 40 நாள்கூட ஆகிவிடுகிறது. ஸ்கேன் எடுத்ததில் சினைப்பையில் நீர்க்கட்டிகள் என்று எழுதிவிட்டார்கள். இந்த வயதிலேயே இப்படியா மேடம்?

பயப்படாதீர்கள் அம்மா. மூளையும் சினைப்பையும் ஒன்றுக்கொன்று சரியாகப் பேசிப் பழகச் சில வருடங்கள் ஆகும். முதல் வருடத்தில் முன்பின்னாக வருவது சகஜம். அதற்குப் பிறகு, மூன்று வருடம் முடியும் வரை 21 முதல் 45 நாள் இடைவெளியை இயல்பாகவே எடுத்துக்கொள்கிறோம். உங்கள் மகள் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறாள்.

அந்த ஸ்கேனில் தெரிந்தவை சினைப்பையின் ஓரமாக வரிசைகட்டி நிற்கும் சின்னக் கருவட்டங்கள். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒவ்வொன்றும் முட்டை வளரும் ஒரு சிறு பை. வளரும் பெண்களுக்கு இப்படித் தெரிவது இயல்பு என்பதால், வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும் முன் ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (முட்டை சரியாக வளர்ந்து வெளியாகாத ஹார்மோன் கோளாறு) என்று முடிவு செய்யக் கூடாது. தயவுசெய்து அந்தத் தாளை அவள் கையில் கொடுத்துக் கலங்க வைக்காதீர்கள்.

ஒரு இடைவெளி 90 நாளைத் தாண்டினாலோ, முகத்தில் முரட்டு முடி வளர்ந்தாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ கூட்டிப் போங்கள். இந்த வயதில் அப்படிக் கொட்டும் ரத்தத்துக்குப் பின்னால் சில சமயம் ரத்தம் உறையாத கோளாறு இருக்கும்.

கேள்வி: வயது 24, பிசிஓஎஸ். ஆறு மாதம் மாத்திரை போட்டேன், டாண் என்று தேதிக்கு வந்தது. நிறுத்தியதும் பழைய கதைதான். மருந்து வேலை செய்யவில்லையா?

வேலை செய்தது. ஆனால் அதன் வேலை என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாதவிடாய் வருவதற்கு முதலில் முட்டை வெளியாக வேண்டும். முட்டை வெளியேறிய இடம் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். சுமார் இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பு குறைய, கருப்பையின் உள்படலம் உதிர்ந்து ரத்தமாக வரும். இந்தப் பிற்பாதி அதிகம் மாறாது. ஆகவே தேதி தள்ளிப்போனால், பெரும்பாலும் முட்டை வெளியாகத் தாமதமானது என்றே பொருள். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு முட்டை பாதி வளர்ந்து நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் படலத்தைத் தடிமனாக்கிக்கொண்டே போகிறது.

நீங்கள் போட்ட மாத்திரை வெளியிலிருந்து ஹார்மோனைக் கொடுத்தது. இடைவெளி விட்ட நாட்களில் ரத்தம் வந்தது. அது மாத்திரையின் தேதி, உங்கள் உடலின் தேதி அல்ல. ஆனாலும் அது வீண் அல்ல. படலம் வருடக்கணக்கில் தடித்துக்கொண்டே போனால் பின்னாளில் புற்றுநோய்க்கு வழி திறக்கும். மாத்திரை அதைத் தடுக்கிறது. முகப்பருவும் தேவையற்ற முடியும் குறையும்.

உங்கள் சொந்தச் சுழற்சி திரும்ப, பலருக்கு உடலில் கூடிப்போன இன்சுலினை (சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்) சரிக்கட்ட வேண்டியிருக்கும். எடை கூடுதலாக இருந்தால் 5 சதவீதம் குறைந்தாலே சிலருக்கு முட்டை வெளியாகத் தொடங்கும். 80 கிலோ இருப்பவருக்கு அது நான்கு கிலோதான். வாரம் 150 நிமிடமாவது வேக நடை போன்ற உடற்பயிற்சி வேண்டும். ஒல்லியாக இருந்தால் பட்டினி கிடக்காதீர்கள். சிலருக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை உதவும். ரத்தத்தில் தைராய்டும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனும் பார்த்தாயிற்றா? பார்க்கவில்லை என்றால் அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: வராமல் போன ரத்தம் உள்ளேயே தேங்கிக் கெட்டுப்போகுமா?

தேங்காது. படலம் தடிக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: இதை ஏற்க முடியாது டாக்டர். என் அக்காவுக்கு நான்கு மாதம் வரவில்லை. ஆன்லைனில் வாங்கிய ஒரு பொடியைப் பத்து நாள் சாப்பிட்டாள். கெட்ட ரத்தம் கட்டி கட்டியாக வெளியேறியது. தேங்கவில்லை என்றால் அது எங்கிருந்து வந்தது?

நான்கு மாதம் தடித்த படலம் ஒரே நேரத்தில் உதிர்ந்தால் அப்படித்தான் வரும். வேகமாகப் போகும் ரத்தம் உறைந்து கட்டியாகும். அது கெட்ட ரத்தம் இல்லை. பொடி இல்லாமலும் வந்திருக்கலாம். எனக்கு இருக்கும் கவலை வேறு. பொடியைத் தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை செய்தாரா?

அதே வாசகர்: இல்லை. ஆனால் இயற்கைப் பொடிதானே, என்ன கெடுதல்?

அப்படியானால் அது கருச்சிதைவாக இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கரு கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் உள்ளே ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். பொடியில் என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா? எழுதாத பொடியை இயற்கை என்று எப்படி நம்புவது?

இன்னொரு வாசகர்: நீங்கள் மட்டும் ஹார்மோன் கொடுக்கலாமா? எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதே, அதனால்தான் கேட்டுவிட்டுக் கொடுக்கிறோம். ரத்தக்கட்டு வந்தவர்கள், கண்ணில் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை தர மாட்டோம். பாரம்பரிய மருத்துவம்தான் வேண்டும் என்றால், படித்துப் பதிவு செய்த வைத்தியரிடம் நேரில் போங்கள். முகம் தெரியாதவர் விற்கும் டப்பாவை வாங்காதீர்கள். இந்தப் பேச்சை இத்துடன் நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: 40 நாள் ஆகிறது, இன்னும் வரவில்லை. என்ன செய்ய?

கர்ப்பப் பரிசோதனை.

கேள்வி: எனக்கும் 45 நாள்...

மேலே சொன்னதுதான். பரிசோதனையில் இல்லை என்று வந்தால், ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

கேள்வி: அவசரக் கருத்தடை மாத்திரை போட்டேன். தேதி மாறுமா?

மாறலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் பரிசோதனை.

கேள்வி: 21 வயது, ஓட்டப் பயிற்சி எடுக்கிறேன். ஐந்து மாதமாக வரவில்லை. உண்மையில் வசதியாகத்தான் இருக்கிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள் ம்மா. செலவாகும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால் மூளை முதலில் நிறுத்துவது மாதவிடாயைத்தான். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தேயும். ஓடும்போதே காலில் மெல்லிய முறிவு வரலாம். எலும்பு வலுப்பெறும் வயது உங்களுடையது. மற்ற காரணங்கள் இல்லை என்று பரிசோதித்த பிறகு, சாப்பாட்டைக் கூட்டிப் பயிற்சியைக் குறைப்பதுதான் வைத்தியம். கருத்தடை மாத்திரையால் ரத்தத்தை வரவழைத்தால் பிரச்சினை மறையும், தீராது.

கேள்வி: வயது 46. ஒரு சமயம் 15 நாளில் வருகிறது, ஒரு சமயம் இரண்டு மாதம் ஆகிறது.

மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கும்போது இப்படி ஆகும். ஆனால் 15 நாளுக்கு ஒருமுறை வருவதை வயதின் மேல் போட்டுவிட்டு இருக்காதீர்கள். படலத்தைச் சோதிக்க வேண்டியிருக்கலாம், போய்க் காட்டுங்கள். முழுதாக 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு வந்தாலும் உடனே போக வேண்டும். மருத்துவர் சொல்லும் வரை கருத்தடையையும் கைவிடக் கூடாது.

கேள்வி: ஆறு மாதமாக வரவில்லை. வரவழைக்கும் மாத்திரையின் பெயரை இங்கேயே சொல்ல முடியுமா?

சொல்ல மாட்டேன். மூன்று மாதம் தாண்டினாலே நேரில் காட்ட வேண்டும், உங்களுக்கு ஆறு ஆகிவிட்டது. போகும்போது கடைசியாக வந்த தேதிகள், எத்தனை நாள் இருந்தது, எடை ஏறியதா இறங்கியதா, சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பொடி சாப்பிட்டிருந்தால் டப்பாவையும்.