பில்லில் 'கடல் குதிரை' என்று எழுதித் தருவாரா?

கேள்வி: களியக்காவிளையில் இருக்கிறோம். மோளுக்கு எட்டாவது பிறந்தநாள் வருகிறது. கடல் குதிரை வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பாறசாலைப் பக்கம் ஒரு மீன் கடையில் விசாரித்தோம். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, உள்ளே செடி, பாசி, கூடவே ஒரு ஜோடி கடல் குதிரை, எல்லாம் சேர்த்து 47,000 ரூபாய் என்றார்கள். 15,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். "தமிழ்நாட்டில்தான் கெடுபிடி, கேரளாவில் ஒன்றும் இல்லை. அதோடு இது வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்தது" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? செடி வைத்தால் நன்றாக வளருமா?

பதில்: வாங்காதீர்கள். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே எழுதிக் கேட்டீர்களே, நல்ல காரியம்.

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசின் சட்டம். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் வேறு மாதிரி என்று அதில் கிடையாது. 2001-ல் கடல் குதிரை வகைகள் எல்லாம் அதன் பாதுகாப்புக்குள் வந்துவிட்டன. நம் கடலில் அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். வலையில் தானாகச் சிக்கியது என்று சொல்லி விற்பதும் அப்படித்தான்.

வெளிநாட்டுப் பண்ணைக் கதைக்கு வருவோம். உலகின் கடல் குதிரை இனங்கள் அத்தனையும் 2004 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. முறையாக இறக்குமதியான உயிருக்கு ஏற்றுமதி நாட்டின் அனுமதித் தாள் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அதன் நகலைக் கேளுங்கள். அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு: "பில்லில் 'கடல் குதிரை, 2 எண்ணம்' என்று எழுதி, முத்திரை போட்டுத் தாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். 'அலங்கார மீன்' என்று எழுதித் தருகிறேன் என்றால், பெயரை எழுத அவருக்கே பயம் என்று அர்த்தம். பில்லில் எழுதப் பயப்படும் பொருளை ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்க வேண்டுமா?

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் இது உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. கடல் குதிரைக்கு இரைப்பையே கிடையாது. தின்றது சீக்கிரமே வெளியே போய்விடும். அதனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை இரை கொடுக்க வேண்டும். கடலில் பிடித்தது உயிரோடு துள்ளும் சின்ன இறால் குஞ்சைத்தான் நாடும். உறைய வைத்த இரையை முகர்ந்துகூடப் பார்க்காமல் அதன் பக்கத்திலேயே பட்டினி கிடந்து சாகும். தண்ணீர் 24 டிகிரியைத் தாண்டினால் நோய்க்கிருமி பெருகும். சித்திரை மாதத்தில் நம் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தொடும். ராத்திரி பகல் ஓடி தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் இல்லாமல் முடியாது. அந்த 47,000-த்தில் சில்லர் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டீர்களா?

சின்ன வயதில் குளச்சல் கடற்கரையில், கரமடி இழுத்து முடித்த வலையின் ஓரத்தில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். விரல் நீளம்கூட இல்லை. உள்ளங்கையில் எடுத்து வைத்ததும் வாலைச் சுண்டு விரலில் சுற்றிக்கொண்டது. அவ்வளவு மெல்லிய பிடி. பக்கத்திலிருந்த பெரியவர் "விடு மக்களே, அது பிழைச்சுக்கிடட்டும்" என்றார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி விட்டேன். உங்கள் கேள்வியைப் படித்தபோது அந்த வால்தான் நினைவுக்கு வந்தது. பற்றிக்கொள்ள ஒரு புல், ஒரு பாசி இல்லாவிட்டால் அதற்கு நிலையில்லை.

இனி முன்பணம். சட்டம் தடுத்த பொருளுக்கான ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ம் பிரிவு. தெரியாமல் கொடுத்தேன், கடல் குதிரை வேண்டாம், பணத்தைத் திருப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். போனில் மட்டும் பேசினால் நாளைக்குச் சாட்சி இருக்காது. பணம் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். எல்லையோரம் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துவைக்க வேண்டியது இது: கடை கேரளாவில் இருக்கிறது என்பதற்காக நீங்கள் திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

தொட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கணக்கை நேர் செய்தாலும் சரிதான். கோமாளி மீன் ஜோடி வளர்க்கலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் இதைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. ஹேட்சரியில் பொரித்த குஞ்சு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கடலில் அது ஒண்டி வாழும் பூப் போன்ற உயிரான கடல் சாமந்தி இல்லாமலும் அது நன்றாக வாழும்.

செடி விஷயத்தில் ஏமாறாதீர்கள். நன்னீர்த் தொட்டியில் பார்க்கும் பச்சைச் செடிகள் உப்புத் தண்ணீரில் அழுகிவிடும். கடல் பாசிதான் சரி. கீட்டோமார்ஃபா என்ற, பச்சை நூல்கண்டு மாதிரியான பாசி முதலில் போதும். காலர்ப்பா அழகாகப் படரும், ஆனால் ஒரே ராத்திரியில் கரைந்து தண்ணீரைக் கெடுத்துவிடுவதும் உண்டு. துறைமுகத்துக் கடல் தண்ணீரில் டீசல் கலந்திருக்கும், அது வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் அக்குவேரிய உப்பைக் கரையுங்கள். மீன் விடுவதற்கு முன் நான்கிலிருந்து ஆறு வாரம் தொட்டி வெறுமனே ஓடட்டும், மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரட்டும். பிறந்தநாளுக்கு மீன் வராமல் போகலாம். தினமும் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதும் வேலையை மோளிடம் கொடுங்கள்.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். கடல் மீன் தொட்டிக்கு ராமேஸ்வரம் பக்கத்து 'லைவ் ராக்' (நுண்ணுயிர் குடியேறிய கடல் பாறை) கிலோ கணக்கில் கிடைக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கூடாது. பெரும்பாலும் அது உடைத்தெடுத்த பவளப்பாறை. பவளமும் அதே 1972 சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லிருந்து கடல் தேசியப் பூங்கா. செராமிக் பாறை வாங்குங்கள். ஆறு வாரத்தில் அதிலும் மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா குடியேறிவிடும்.