வள்ளல் ரெனத்தினோ

அன்புள்ள ஐயா,

ரோம் நகரின் மல்யானா கும்பலைப் பற்றி ஒரு தொடர் பார்த்தேன். 1983இல் காணாமல்போன வத்திக்கான் சிறுமி எமானுவேலா ஒர்லாந்தியை அவர்கள்தான் கடத்தினார்களா? எப்படியிருந்தாலும் ஒருவருக்கொருவர் விசுவாசமாக இருந்தார்கள். கோயிலுக்கும் ஏழைகளுக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.
கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

கடத்தியது யார் என்று இத்தாலி போலீஸே இன்னும் நிரூபிக்கவில்லை, என்னை விடுங்கள். உங்கள் கடைசி வரிகள்தான் என்னை எழுத வைத்தன.

விசுவாசமா? 1977இல் ஒரு பிரபுவைக் கடத்தினார்கள். குடும்பம் பணம் கொடுத்த பிறகும் அவர் திரும்பவில்லை, கொன்றுவிட்டார்கள். அன்றைய குற்ற வேலையில் கலந்துகொள்ளாதவனுக்கும், சிறையில் இருப்பவன் வீட்டுக்கும் சமபங்கு என்பது அவர்கள் சட்டம். உண்மைதான். ஆனால் கும்பலின் தலைவர்களில் ஒருவனான ரெனத்தினோ என்ற என்ரிகோ தே பெதிஸ் தன் பங்கைத் தனியாக முதலீடு செய்து, லாபத்தில் பங்கு தர மறுத்தான். 1990 பிப்ரவரியில் பட்டப்பகலில் அவனைச் சுட்டுக் கொன்றது பழைய கூட்டாளிகள்தான். சரி, அதை விடுங்கள்.

அள்ளிக் கொடுத்தார்கள் என்கிறீர்களே, எதை? சிசிலி மாஃபியாவின் கணக்குப்பிள்ளை பிப்போ கலோ, ரோமில் பொய்ப்பெயரில் உட்கார்ந்திருந்தான். தே பெதிஸின் டெஸ்டாச்சோ பேட்டை ஆட்கள் அவனோடு நெருக்கம். ஹெராயினைப் பேட்டை பேட்டையாகப் பிரித்துக்கொண்டு விற்றார்கள். புறநகர் அடுக்ககங்களில் ஊசி போட்டுச் செத்த பையன்களின் காசு அது. அதில் ஒரு கிள்ளு கோயிலுக்கு வந்ததும் அங்கிருந்த சாமியாருக்கு தே பெதிஸ் வள்ளலாகிவிட்டான். ஏழைகளுக்கு உதவியவர் என்று அவர் சான்றிதழே எழுதிக் கொடுத்தார். கர்தினால் அனுமதித்தார். சாந்த் அப்போலினாரே பசிலிக்காவின் நிலவறையில் அவனுக்குக் கல்லறை! ட்யூப்லைட்டின் வெளிச்சத்தையே மறைக்கும்படி ‘உபயம்’ என்று பெயர் எழுதுவார்களே, அது எவ்வளவோ மேல். அதற்குக் கீழே யாரையும் புதைப்பதில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. கொடுக்கிற கையைப் பார்த்து மனசு இளகுவது நல்ல குணம்தான். ஆனால் அந்தக் கை அதற்கு முன்னால் யார் சட்டைப்பையில் இருந்தது என்றும் பார்க்க வேண்டாமா?

2012இல் கல்லறையைத் திறந்து உடலை அப்புறப்படுத்தினார்கள். ஹெராயின் பணம் என்று யாருக்கும் உறைத்ததால் அல்ல. நீங்கள் கேட்ட அந்தப் பெண்ணின் எலும்பு உள்ளே இருக்குமோ என்ற சந்தேகத்தால். அது அங்கே இல்லை. அந்தச் சந்தேகம் மட்டும் வராமல் இருந்திருந்தால், வள்ளல் இன்றைக்கும் அங்கேயே படுத்திருப்பார்.