பழைய வயலைத் தோண்டுவதால் இன்றைய விவசாயிக்கு என்ன லாபம்?

தொல்லியலால் பருவநிலை, உணவு போன்ற உலகப் பிரச்சினைகளுக்கு நிஜமாகவே உதவ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு முடியும். பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரிக்கரையைப் பாருங்கள். சுமார் 3,800 மீட்டர் உயரம், ராத்திரி உறைபனி விழுந்தால் உருளைக்கிழங்குச் செடி கருகிவிடும். அந்தச் சமவெளியில் வரிவரியாக மேடும் பள்ளமும் கிடந்தன, எப்போதோ கைவிடப்பட்ட மேட்டுப்பாத்திகள், உள்ளூரில் வாரு வாரு என்பார்கள். 1980களின் தொடக்கத்தில் கிளார்க் எரிக்சன் என்ற தொல்லியலாளர் அவற்றைத் தோண்டி ஆராய்ந்ததோடு நிற்காமல், உவாட்டா பகுதி விவசாயிகளோடு சேர்ந்து சிலவற்றை மறுபடி கட்டி உருளைக்கிழங்கே நட்டுப் பார்த்தார். பாத்திகளுக்கு நடுவே உள்ள வாய்க்கால் நீர் பகல் வெயிலின் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடுவதால் பனியின் கடுமை குறைகிறது; அதில் படியும் சேறு உரமாகிறது, மழை கூடினால் அதுவே வடிகால். விளைச்சல் அந்த வட்டாரத்தின் வழக்கமான அளவைவிட நன்றாகவே கூடியது.

சரி, அப்புறம்? பலர் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவார்கள். தொண்டு நிறுவனங்கள் ஊக்கத்தொகை கொடுத்து இதைப் பரப்பின, அது நின்றதும் நிறையப் பாத்திகள் திரும்பவும் கைவிடப்பட்டன. நுட்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பாத்தி கட்டவும் பராமரிக்கவும் ஊரே கூடி மண் வெட்ட வேண்டும், இன்றைய குடும்பங்களில் அதற்கு ஆள் இல்லை.