சுவர் இருக்கட்டும், முதலில் பதக்கத்தைக் கழற்றுங்கள்

கேள்வி: எல்லநள்ளியில் எங்கள் வீடு சரிவை வெட்டிக் கட்டியது, சுவர் கருங்கல். மீட்டரோடு வந்த ஒருவர், கல்லிலிருந்து கதிர்வீச்சு வருகிறது, ஊட்டி காஸ்மிக் கதிர் ஆய்வகத்தாலும் கூடுதல் என்றார். அவரிடம் மகளுக்கு ஒரு எனர்ஜி பதக்கம் வாங்கிப் போட்டிருக்கிறேன். இப்போது சுவருக்கும் தகடு மாட்டச் சொல்கிறார். மாட்டலாமா?

பதில்: தகடு வேண்டாம். மகள் கழுத்தில் கிடக்கும் பதக்கத்தையும் இன்றே கழற்றிவிடுங்கள்.

கதிர்வீச்சைத் தடுக்கும் என்று விற்கிற பதக்கம், வளையல் சிலவற்றில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கனிமப் பொடி இருக்கிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு இப்படிப் பத்துப் பொருள்களைப் பெயர் சொல்லி, இவையே கதிர்வீச்சை வெளியிடுகின்றன, அணியாதீர்கள் என்று எச்சரித்தது. அட்டையில் 'நெகட்டிவ் அயான்' என்று போட்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை. காற்றில் அந்த அயனிகளை உண்டாக்குவது பெரும்பாலும் இந்தக் கதிர்வீச்சுதான்! அளவு சிறியது, மருத்துவமனைக்கு ஓட வேண்டாம். ஆனால் பிள்ளையின் தோலை ஒட்டி இரவும் பகலும் எதற்குக் கிடக்க வேண்டும்? உடைக்காமல், உரசாமல் ஒரு டப்பாவில் போட்டு, படுக்கை அறைக்கு வெளியே வையுங்கள். தண்ணீரில் போட்டு அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லியிருந்தால் அதை உடனே நிறுத்துங்கள்.

தோரியத்தின் அணுக்கரு நிலையில்லாதது. அது தானாகச் சிதைந்து வேறு தனிமமாகும்போது கதிர்கள் வெளிப்படும். இருப்பதில் பாதி சிதைய சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும். சூடாக்கினாலும் குளிர்வித்தாலும் அந்த வேகம் மாறாது. 'கதிரைச் செயலிழக்க வைக்கும்' பொருள் என்று எதுவும் கிடையாது. இதில் ஊடுருவும் வலிமை மிக்க காமா கதிரைக் குறைக்கத் தடித்த ஈயமோ கான்கிரீட்டோ வேண்டும். உள்ளங்கை அகலத் தகட்டால் ஆவது ஒன்றுமில்லை.

அவர் காட்டிய மீட்டர் ஸ்விட்ச் போர்டு, ஃபிரிட்ஜ் பக்கம் போனால் கத்தியதா? அப்படியானால் அது மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவி. கதிரியக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த வியாபாரமே அந்தக் கருவியை நம்பித்தான் நடக்கிறது. கதிரியக்கத்தை அளக்கும் உண்மையான கைகர் கருவியாக இருந்தாலும் மணிக்கு 0.1, 0.2 மைக்ரோசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு) காட்டுவது எந்த ஊரிலும் சாதாரணம்.

எஸ்டேட்டில் மழைமானி வைத்திருப்பதால் மழை பெய்வதில்லை. ஊட்டி ஆய்வகமும் அப்படித்தான், வானிலிருந்து வரும் துகள்களை எண்ணுகிறது, எதையும் வெளியிடுவதில்லை. 2,200 மீட்டர் உயரத்தில் காஸ்மிக் கதிர் கடற்கரையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது உண்மை. மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் வாங்கிக்கொள்ளும் அளவுதான் அது. கருங்கல் சுவரும் பயப்படத்தக்கதல்ல.

ஒன்றில் மட்டும் உங்கள் வீட்டை யோசிக்க வேண்டியிருக்கிறது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது நடுவில் ரேடான் என்ற வாயு பிறக்கிறது. அதில் பாதி சிதைய 3.8 நாள் ஆகும், தரை வெடிப்பு வழியே வீட்டுக்குள் ஏறிவர அது போதும். மூச்சோடு போனால், ரேடான் சிதைந்து பிறக்கும் கதிரியக்கத் துகள்கள் நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் யாராவது புகைபிடித்தால் ஆபத்து இன்னும் கூடும். சரிவை வெட்டிய வீடு, மண்ணோடு ஒட்டிய பின்சுவர், குளிருக்கு அடைத்த ஜன்னல் என்று உங்கள் கீழறையில் மூன்றும் இருக்கக்கூடும். வெடிப்புகளைச் சிமெண்டால் அடையுங்கள். காலையில் எதிரெதிர் ஜன்னல்களைச் சிறிது நேரம் திறந்து வையுங்கள், பனி இருந்தாலும். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால், ரேடானுக்கு முன் அதை விடுங்கள். கார்பன் மோனாக்சைடு ஒரே இரவில் ஆளைக் கொல்லும்.

இந்தப் பதக்கங்கள் இணையத்திலும் திருவிழாக் கடையிலும் தடையில்லாமல் விற்கின்றன. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் மும்பையில் இருக்கிறது. மலையில் வீடு கட்டியவர் ஒரு பதக்கத்தைச் சோதித்துப் பார்க்க யாரிடம் போவார்? மாவட்டத்துக்கு ஒரு கைகர் கருவி வைத்து, மக்கள் கொண்டுவருவதை அளந்து சொல்ல ஓர் ஆளைப் போட என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

அவரிடம் பில் கேளுங்கள். தரவில்லையென்றால் ஜிபே பதிவையும் பதக்கத்தின் அட்டையையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள்.