ஆங்கிலத்தில் உச்சரிக்காத எழுத்துகளை ஏன் எழுதுகிறார்கள்?

கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', முழங்காலைக் குறிக்கும் 'நீ' இரண்டையும் 'கே' போட்டுத்தான் எழுதத் தொடங்க வேண்டும். வாயில் மட்டும் அந்த 'கே' வராது. இப்படி எழுத்தில் இருந்தும் ஒலிக்காதவற்றை மௌன எழுத்துகள் என்கிறோம்.

ஒரு காலத்தில் அந்த 'கே' உண்மையாகவே ஒலித்தது. இங்கிலாந்தில் முழங்காலை 'க்னே' என்பதுபோலச் சொன்னார்கள். ஜெர்மன் மொழியில் இன்றும் அது 'க்னீ'தான். இரவைக் குறிக்கும் 'நைட்' சொல்லின் நடுவே வரும் 'ஜி', 'எச்' இரண்டும் சேர்ந்து தொண்டையிலிருந்து எழும் ஓர் ஒலியைக் குறித்தன. ஜெர்மனின் 'நாஹ்ட்' சொல்லில் அதை இப்போதும் கேட்கலாம்.

அப்புறம் என்ன ஆனது? 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நிலைத்துவிட்டது. பேச்சோ மாறிக்கொண்டே போனது: உயிரொலிகள் இடம்பெயர்ந்தன, 'கே' உதிர்ந்தது. ஆறு திசைமாறிய பிறகும் பழைய பாலம் அதே இடத்தில் நிற்பதுபோல எழுத்துகள் நின்றுவிட்டன. இதைப் படிக்கும் பிள்ளைகள் திணறினால் அது அவர்கள் குற்றமே இல்லை.

ஆனால் மௌன எழுத்துகள் எல்லாமே முன்பு ஒலித்தவை என்று நினைத்துவிட வேண்டாம்: கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து 'பி' இல்லாமல்தான் வந்தது, லத்தீன் 'டெபிட்டும்' சொல்லோடு ஒத்துப்போகட்டும் என்று படித்தவர்கள் பிற்பாடு அதைச் செருகினார்கள்.