சான்றிதழ் இல்லாத தொழிலுக்கு மகளை அனுப்பலாமா?

தர்மபுரி பட்டுக்கூடு ஏல அங்காடியில் கூடு போட்டுவிட்டு, படிப்பு ஆலோசனை கேட்டு, கையோடு என்னைப் பார்க்க வந்தது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள். அப்பா மஞ்சள் பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஆன்லைனில் வாங்கிய டாட்டூ மெஷின். “படிக்கச் சொன்னா பச்சை குத்தப் போறேங்கிறா சார். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க” என்றார். அதற்குள் பெரியப்பா பெங்களூருவில் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். நாலு வருஷத்துக்கு ஹாஸ்டலோடு பன்னிரண்டு லட்சம். மல்பெரித் தோட்டத்தை அடமானம் வைத்தால் வந்துவிடுமாம்.

அவர்களிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். இதே கவலையோடு இன்னும் சிலர் வருகிறார்கள்.

ஐயா, முதலில் அந்தத் தோட்டத்தைத் தொடாதீர்கள். கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸான பிள்ளையை, பணம் கட்டினால் கிடைக்கிறது என்பதற்காகவே கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார வைத்தால், இரண்டாம் செமஸ்டரிலேயே அரியர் விழும். வட்டியைக் கட்டப்போவது பெரியப்பா இல்லை, நீங்கள். அவர் மகனுக்கு அந்தப் படிப்பு ஒத்துவந்தது, சந்தோஷம். உங்கள் மகளின் கணக்கு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். சிக்குக்கோலம், ஒரே இழுப்பில், பேனா எங்கேயும் தடுமாறாமல் வந்திருக்கிறது. வளைவு திரும்பும் இடத்தில்கூட மை தடிக்கவில்லை. அந்தக் கைக்கு வேலை இருக்கிறது.

“அது குறத்தி வேலைப்பா” என்று பெரியப்பா சொன்னதாக அம்மா மெல்லச் சொன்னார். இருக்கட்டுமே. அவர் தாயார் முழங்கையில் இருக்கும் தேளையும் கோலத்தையும் யார் குத்தினார்கள்? அகத்திக் கீரையையும் மஞ்சள் தூளையும் கரித்து மை செய்து, ஊர் ஊராக நடந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குத்தினார்கள் அந்தப் பெண்கள். தோட்டத்தை அடமானம் வைத்தாவது கௌரவம் வாங்கு என்பவர்களுக்கு ஒரு கைத்தொழிலைக் கேவலமாகப் பேச என்ன யோக்கியதை?

இப்போது விஷயத்துக்கு வருவோம். வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல, டாட்டூ போடுபவருக்கு நாடு முழுக்கச் செல்லும் உரிமம் தர நம் நாட்டில் எந்த அமைப்பும் இல்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். இந்த ஓட்டையில்தான் ‘பத்தே நாளில் சர்வதேசச் சான்றிதழ்’ வியாபாரம் நடக்கிறது. தங்க முத்திரை குத்திய காகிதத்துக்கு ஐம்பதாயிரம், எழுபதாயிரம் என்று கேட்கிறார்கள். அதைக் காட்டி எந்த வங்கியிலும் எந்த அரசு அலுவலகத்திலும் ஒன்றும் நடக்காது. பி.இ. சீட்டுக்குத் தோட்டத்தை வைக்காதீர்கள் என்று சொன்ன அதே வாயால் சொல்கிறேன், இதற்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

அங்கீகாரம் வேண்டுமென்றால் முறையான பட்டம் ஒன்று கையில் இருக்கட்டும். சென்னையில் 1850-ல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்தில் இன்னொன்று. பி.எஃப்.ஏ. என்கிற கவின் கலைப் பட்டம், நாலு வருஷம். பிளஸ் டூ போதும், ஆனால் வரைதல் தேர்வில் கை பேச வேண்டும். சென்னையில் பதிப்போவியப் பிரிவு, அதாவது பிரிண்ட்மேக்கிங், உண்டு. செப்புத் தகட்டில் ஊசியால் கோடு கீறப் பழகியவளுக்கு, தோலில் கோடு இழுப்பது பாதி வந்தது மாதிரி. அரசுக் கல்லூரிக் கட்டணம், நீங்கள் ஒரு தடவை பட்டுக்கூடு ஏலம் போட்டு வாங்கும் பணத்துக்குள் அடங்கும். நாளைக்கு டாட்டூ பிடிக்கவில்லை என்றாலும் அது பட்டம்தான். டிகிரி கேட்கும் அரசுத் தேர்வை எழுதலாம், டிசைன் வேலைக்குப் போகலாம்.

பட்டத்துக்குப் பிறகு ஒரு நல்ல ஸ்டூடியோவில் குருவிடம் சேர்ந்து பழக வேண்டும். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு, தேடினால் கிடைக்கும். முதல் பல மாதம் மெஷினைத் தொட விடமாட்டார்கள். தரை துடைப்பது, டிசைனைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சில் எடுப்பது, செயற்கைத் தோலில் கோடு போட்டுப் பழகுவது, இவ்வளவுதான். சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். ஊசி மேல்தோலைத் தாண்ட வேண்டும், ஆனால் மொத்த ஆழம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் மை உதிர்ந்துவிடும், கூடினால் உள்ளே கசிந்து கோட்டைச் சுற்றி நீலமாகப் படரும். நம் மாநிறத் தோலில் மஞ்சளும் வெளிர் நிறங்களும் எடுபடாது. தழும்பு தடித்து வளரும் உடம்புவாகும் நம்மவர்களிடம் அதிகம். இதெல்லாம் வெளிநாட்டு வீடியோவில் வராது.

கை சுத்தம் அடுத்தது. காய்ந்த ரத்தத்தில்கூட, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஸ்பிரிட்டில் துடைத்தேன், வெந்நீரில் போட்டேன் என்பதெல்லாம் பேச்சே இல்லை. ஊசி ஒருவருக்கு ஒன்று, முடிந்ததும் குத்திக் கிழியாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். மருத்துவக் கழிவுக்கான 2016 விதிகள் கூர்மையான பொருட்களுக்குச் சொல்வது அதைத்தான். திரும்பப் பயன்படுத்தும் ஸ்டீல் பாகங்களை ஆட்டோகிளேவில், அதாவது நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவியில், 121 டிகிரியில், 15 பவுண்ட் அழுத்தத்தில், உரிய நேரம் வைத்து எடுக்க வேண்டும். மையின் பேட்ச் நம்பரை வாடிக்கையாளர் பெயருக்கு எதிரே எழுதி வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. அங்கே விற்க முடியாத மை மலிவு விலையில் இங்கே வராது என்று யார் உறுதி சொல்வது?

ஆனால் இந்தத் தொழிலில் நான் பெரிதாக மதிப்பது, வேண்டாம் என்று சொல்லத் தெரிவதை. அன்றைக்கு அந்தப் பெண்ணைக் கேட்டேன்: “பாப்பா, இந்த மெஷினில் முதல்ல யாருக்குப் போடறதா இருந்த?” சித்தி பையனுக்காம். கழுத்தோரம் சிங்கம். பையனுக்குப் பதினேழு வயது. தினமும் விடியற்காலையில் ஸ்டேடியத்தில் ஓடுகிறான், அக்னிவீர் தேர்வுக்கு.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராணுவத்தில் பொதுவாக முழங்கை உட்பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரையிலும் புறங்கையிலும்தான் நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி. கழுத்தில் சிங்கத்தோடு போனால் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாலும் மெடிக்கலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஓடுகிற பையன்கள் இருக்கிறார்கள். இது தெரியாமல் இங்கே மெஷினைக் கையில் எடுக்கக் கூடாது. “அவனுக்கு என்ன சொல்லப் போற?” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பதினெட்டு முடியட்டும், செலக்ஷனும் முடியட்டும், அப்பவும் கழுத்துல கிடையாதுன்னு சொல்றேன் சார்” என்றாள். எனக்கு அந்தப் பதில் போதும்.

குடித்துவிட்டு வருகிறவன், காதலித்த மூன்றாம் வாரம் பெயர் குத்த வருகிறவன், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதை மறைக்கிறவர், வேறொரு கலைஞர் போட்ட டிசைனை போனில் காட்டி அப்படியே வேண்டும் என்கிறவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினால் அந்த மாத வாடகைக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. வருமானம் மாதாமாதம் ஒரே மாதிரி வராது. திருவிழா, காதலர் தினம் என்றால் கூட்டம், ஆடியில் ஈயோட்ட வேண்டும். அதனால்தான் பெரிய கடனில் கடை போடாதே என்கிறேன். தொடங்கும்போது, சிறுதொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ராவின் சிசு கடன் ஐம்பதாயிரத்துக்கு மேல் போக வேண்டாம். சிறுதொழிலை அரசிடம் பதியும் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, புரோக்கரிடம் போகாதீர்கள்.

இப்போதே செய்யவேண்டியவை: மெஷின் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், மனிதத் தோலில் வேண்டாம். பாப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முன்பே போட்டிருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். இல்லையென்றால் மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். கவின் கலைக் கல்லூரி விண்ணப்ப அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அதுவரை தினமும் ஒரு மனித உருவம், ஒரு பொருள் வரையட்டும்.

அம்மா, படிப்பு முடிந்து ஸ்டூடியோ தேடும் நாளில் நீங்களே கூடப் போங்கள். கண்ணாடிக் கதவையும் ஏசியையும் பார்க்காதீர்கள். ஆட்டோகிளேவ் ரிஜிஸ்டர் கேளுங்கள், நேற்றைய தேதி இருக்கிறதா பாருங்கள். ஊசி டப்பாவை யார் வந்து எடுத்துப் போகிறார்கள் என்று கேளுங்கள். பெண் வாடிக்கையாளருக்குத் திரை இருக்கிறதா, கூட ஆள் உட்கார விடுகிறார்களா கவனியுங்கள். கடைசியாக யாருக்கு டாட்டூ போட மறுத்தீர்கள், ஏன் என்று அந்தக் குருவிடமே நேராகக் கேளுங்கள். அப்படி ஒருத்தரும் இல்லை என்று அவர் சிரித்தால், மகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஸ்டூடியோவுக்கு நடையைக் கட்டுங்கள்.